மண்டையோட்டுக் குகையும் மாந்தோப்புக் குடிசையும்

பாரூர்ப் பெரிய ஏரியின் கரையில் வளர்ந்த எங்களுக்கு அகன்ற உலகை முதலில் காட்டியவை பள்ளிப் பாடநூல்கள் அல்ல. ஓரிரண்டு ரூபாய்க்கு விற்ற சித்திரக்கதைப் புத்தகங்களே. கிருஷ்ணகிரிக்குப் போய் வரும் பெரியவர் எவரேனும் பேருந்து நிலையக் கடையில் ஒன்று வாங்கி வந்தால், அது எங்கள் நால்வர் கையிலும் மாறி மாறிச் சுற்றி, அட்டை கிழிந்து, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் காணாமற்போன பிறகே ஓயும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் அதை மறைத்து வைத்துப் படித்ததையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை உபதேசியார் கண்டுபிடித்துவிட்டார். அவர் அடிக்கவில்லை, வாங்கிக்கொண்டு போய்த் தாமே படித்துவிட்டு, அடுத்த ஞாயிறு திருப்பித் தந்தார்.

1972இல் சிவகாசியில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு பிறந்த முத்து காமிக்ஸ், 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் தினத்தந்தி குழுமம் தொடங்கிய ராணி காமிக்ஸ் ஆகியவை எங்கள் தலைமுறையின் நூலகம். படங்கள் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வரையப்பட்டவை. தமிழ் மட்டும் நம்முடையது. அந்தத் தமிழ் வளமான தமிழ். சொற்களை நாங்கள் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான். அதனால் அந்நூல்களை இப்போது குறை சொல்லப் புகுவது, சோறிட்ட கையைப் பழிப்பது போல எங்களுக்கே உறுத்துகிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அவற்றுள் எங்கள் உள்ளம் கவர்ந்தவர், லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1936இல் படைத்த முகமூடி வீரர். முத்து காமிக்ஸில் அவர் வேதாளர். ராணி காமிக்ஸில் மாயாவி. 1536ஆம் ஆண்டில் கடற்கொள்ளையரால் கப்பல் அழிந்து கரையொதுங்கிய வெள்ளை இளைஞன் ஒருவனைப் பந்தார் என்னும் குள்ள இனத்தார் காப்பாற்றுகின்றனர். அவர்களோ வாசாக்கா என்னும் வேறொரு கூட்டத்துக்கு அடிமைகள். அவன் அவர்களை விடுவிக்கிறான். அன்றுமுதல் தந்தைக்குப்பின் மகன் என 21 தலைமுறைகள் அதே முகமூடியை அணிந்து, மண்டையோட்டுக் குகையில் அரியணையிட்டு அமர்ந்து காட்டை ஆள்கின்றனர். பந்தார்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குகை வாயிலில் நஞ்சு தோய்ந்த அம்புகளோடு காவல் நிற்கின்றனர். உயிரைக் காத்தவர்கள் வாயிற்காவலர், காக்கப்பட்டவன் அரசன். இந்தக் கணக்கு எங்களுள் ஒருவருக்கும் அந்நாளில் விசித்திரமாகத் தோன்றவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964இல் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது வேதாளரின் கதையைத்தான் முதலில் வெளியிட்டது. மூலத்தில் பங்கல்லா என்றிருந்த நாட்டின் பெயர் நம் வங்காளத்தை நினைவூட்டும் என்று கருதியோ என்னவோ, அதை டெங்காலி என்று மாற்றினார்கள். சிங் என்ற கடற்கொள்ளையர் சிங்கா ஆயினர். நம் மனம் புண்படாதபடி பெயர்களைத் திருத்தத் தெரிந்திருந்த கைகளுக்கு, குகை வாயிலில் நின்றவர்களைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. பிற்காலக் கதைகளில் அந்நாட்டுக்கு லுவாகா என்னும் கறுப்பின மருத்துவர் அதிபராகிறார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் காடு என்னவோ முகமூடிக்காரர் ஆட்சியில்தான் இருந்தது.

டெக்ஸ் வில்லர் கதைகள் ஒரு படி மேலானவை. போனெல்லி எழுத, கலெப்பினி வரைய, 1948இல் இத்தாலியில் பிறந்தவர் அவர். திரைப்படங்களில் செவ்விந்தியர் என்றாலே கூச்சலிட்டுக்கொண்டு சுடப்பட்டு விழும் கூட்டம் என்றிருந்த காலம் அது. டெக்ஸோ நவஹோ தலைவரின் மகள் லிலித்தை மணக்கிறார். அந்த மக்களுக்காக வெள்ளைப் படையோடும் மோதுகிறார். அவர்கள் அவருக்கு இட்ட பெயர்தான் தமிழில் ‘இரவுக் கழுகார்’ ஆயிற்று. அம்மை நோய்க் கிருமி படிந்த கம்பளிகளைத் தெரிந்தே விற்ற வணிகரால் லிலித் இறந்த கதையைப் படித்துவிட்டு நாங்கள் உண்மையாகவே அழுதோம். ஆனால் அங்கும் நவஹோக்களின் தலைவராகி அமர்பவர் டெக்ஸேதான். நவஹோ நண்பர் டைகர் ஜாக் பல பக்கங்களில் உடன் வருகிறார்; சொற்பமாகவே பேசுகிறார்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

குன்றோரத்து மாந்தோப்புகளில் காவலுக்கு இருந்தவர்கள் இருளர்கள். அரசு தமிழகத்தில் மிகவும் நலிந்தவை என்று வகுத்துள்ள ஆறு பழங்குடிகளுள் ஒன்று அவர்கள் இனம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலையடிவாரங்களில் அவர்கள் குடியிருப்புகள் பல உண்டு. எந்த மரத்தில் எந்தத் திங்களில் தேன் இறங்கும், எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எந்த வேர் எந்த நோய்க்கு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீடுகளுக்குத் தேன் கொண்டுவந்த பெரியவர் ஒருவர் உண்டு. பத்தாண்டுகளுக்கு மேல் எங்கள் திண்ணைக்கு வந்தவர். அவர் பெயரை நாங்கள் கேட்டதில்லை. திண்ணையைத் தாண்டி உள்ளே அழைத்ததுமில்லை. காட்டின் குள்ளர் தலைவன் குரன் என்று தூக்கத்திலும் சொல்வோம் என்று எழுதவந்து, பேனா தயங்குகிறது. குரன் இருப்பது எந்தக் காடு என்பதுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் பெயர் தெரியும். தேன்காரர் எந்தத் தோப்பில் இருந்தார் என்பது தெரியும், பெயர் தெரியாது.

அந்நாளில் எங்கள் பகுதியும் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான்; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதே தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூருக்குள் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தர்மபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது; சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. நிகழ்ந்தபோது எங்களுக்குப் பதின்பருவம் கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நவஹோக் கூடாரங்கள் எரியும் பக்கங்களைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள்தாம் நாங்கள். வாச்சாத்திச் செய்தியைத் தேநீர்க் கடை நாளிதழில் படித்தோம். “கட்டை கடத்தியிருப்பாங்க” என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

காலம் ஓடியது. எங்களுள் சிலர் ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கும், ஒருவர் பெங்களூருக்கும் போய், திரும்பவும் வந்து சேர்ந்தோம். போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு ஆலைப் பேருந்துகள் ஓடும் சாலையில் இப்போது மாந்தோப்புகள் குறைந்துவிட்டன. எங்கள் கிளைப்பங்குச் சிற்றாலயத்தின் தாழ்வாரத்தில் மாலை வகுப்பு ஒன்று நடத்துகிறோம். இருளர் பிள்ளைகள் சிலரும் வருகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாங்களே ஒரு நாடகம் எழுதினோம். உலகின் எல்லா இனத்தாரும் பெத்லகேம் குடிலுக்கு வந்து பாலன் இயேசுவுக்குத் தத்தம் காணிக்கையைத் தருவதாகக் கதை. சப்பானியச் சிறுமி விசிறி கொண்டுவந்தாள். அரபு வணிகன் பேரீச்சை கொண்டுவந்தான். ஒவ்வொருவருக்கும் அழகான வசனம். கடைசியில் ‘காட்டுவாசி’. மாவிலைப் பாவாடை, உடம்பெங்கும் கரி, தலையில் கோழி இறகு. கையில் ஈட்டியோடு வட்டமாக ஆடி, “ஜிங்காலாலா, ஹூ ஹூ” என்று கத்திவிட்டு மண்டியிட வேண்டும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகத்திலேயே மிகுந்த கைதட்டல் அதற்குத்தான். எங்களுக்கும் பெருமை.

மறுநாள் மாலை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் இருளர் சிறுவன் ஒருவன் கரும்பலகை துடைத்துக்கொண்டே கேட்டான்:

“சார், எல்லாரும் என்னா கொண்டாந்தோம்னு பாலன்கிட்ட சொன்னாங்க. அவன் மட்டும் ஏன் சார் கத்துனான்?”

அருகிலிருந்த மற்றொரு பிள்ளை எங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது: “காட்டுக்காரங்க அப்படித்தான்டா.”

“எங்க தாத்தா காட்டுல இருந்தவருதான். அவரு நல்லா கதை சொல்லுவாரு” என்றான் சிறுவன். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னான். பிறகு கரும்பலகையின் மறுபாதியைத் துடைக்கத் தொடங்கினான்.

அந்தக் கேள்வி எங்களை விட்டபாடில்லை. அந்தக் கரியும் இறகும் ஹூ ஹூவும் எங்கிருந்து எங்கள் கைக்கு வந்தன? எங்கள் ஊர் இருளர் எவரும் இறகு சூடி ஆடி நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால், பாதி திரைப்படம். மீதி அந்த ஓரிரண்டு ரூபாய்ப் புத்தகங்கள். கண்ணெதிரே மாந்தோப்பில் இருந்தவரை விட்டுவிட்டு, காகிதத்தில் பார்த்தவரைத்தான் மேடையேற்றியிருக்கிறோம். மேடையேற்றி, வாயையும் கட்டிவிட்டோம்.

இதைத் தேடிப் போனபோதுதான் கத்தோலிக்கராகிய நமக்கு நெருடலான ஒரு வரலாறு கண்ணிற்பட்டது. பெல்ஜிய ஓவியர் எர்ஜே படைத்த டின்டினை நம் பிள்ளைகள் பலரும் அறிவர். பெங்களூரில் இருந்தவர் பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருந்த தொகுப்புகளுள் ‘காங்கோவில் டின்டின்’ ஒன்று. அது 1930–31இல் தொடராக வந்தது ஒரு கத்தோலிக்க நாளிதழின் சிறுவர் பகுதியில். அந்நாளிதழை நடத்தியவர் வாலே என்னும் குரு. எர்ஜே அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றி வரைய விரும்பினார். குருவோ முதலில் காங்கோ என்றார். அந்நாடு அப்போது பெல்ஜியத்தின் குடியேற்ற நாடு. ஆகவே காங்கோ மக்கள் தடித்த உதடுகளோடும் மழலை மொழியோடும் வரையப்பட்டனர். டின்டின் மறைபரப்புப் பள்ளியில் ஆசிரியராகி, உங்கள் தாயகமாகிய பெல்ஜியத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான். முடிவில் அவனுக்கும் அவன் நாய்க்கும் சிலை வைத்து வணங்குகின்றனர். 1946இல் வண்ணப் பதிப்பு வந்தபோது தாயகப் பாடம் நீங்கிக் கணக்குப் பாடமாயிற்று. உதடுகள் அப்படியே இருந்தன. காங்கோவைச் சேர்ந்த ஒருவர் 2007இல் தொடுத்த வழக்கைப் பெல்ஜிய நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது. அது தன் இளமைக் காலப் பிழை என்ற கருத்தில் எர்ஜேயே பின்னாளில் பேசியிருக்கிறார்.

மறைபரப்பு ஞாயிறன்று உண்டியலில் காசு போட்ட தலைமுறை நாம். அந்தக் காசோடு சேர்த்து நம் மனத்தில் எந்தப் படத்தைப் போட்டுவிட்டார்கள் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆனால் அந்த வரலாற்றிலேயே இன்னொரு குருவும் இருக்கிறார். எர்ஜே அடுத்து டின்டினைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக அறிவித்ததும், லூவேன் பல்கலைக்கழகத்துச் சீன மாணவர்களின் ஆன்ம குருவாயிருந்த கோசே அவருக்குக் கடிதம் எழுதினார்: வழக்கமான கட்டுக்கதைகளை வரைந்துவிடாதீர்கள், முதலில் சீனரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்னும் கருத்தில். அவர் வழியாக 1934இல் சாங் சுங்ரென் என்னும் இளம் கலைஞர் எர்ஜேக்கு அறிமுகமானார். ஷாங்காயில் இயேசு சபையாரின் பயிலகத்தில் கலை கற்று, பிரஸ்ஸல்ஸ் கலைக்கழகத்துக்கு வந்திருந்தவர். ஞாயிறுதோறும் இருவரும் அமர்ந்து பேசினர். சாங் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கடைப் பலகைகளுக்கான சீன எழுத்துகளைச் சரியாக எழுதித் தந்தார். அதன் பயனாக வந்த ‘நீலத் தாமரை’ 1936இல் நூலாயிற்று. காங்கோவை வரைந்த அதே கைதான் அதையும் வரைந்தது என்றால் நம்பக் கடினம். ஒரு குரு ஒரு கதையைக் கேட்டு வாங்கினார். மற்றொரு குரு ஒரு மனிதரை அறிமுகப்படுத்தினார். காங்கோவைச் சேர்ந்த யாரும் எர்ஜேயின் வீட்டு ஞாயிறுகளில் அமர்ந்திருக்கவில்லை.

2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவின் மாஸ்க்வாசிஸ் என்னும் இடத்துக்குச் சென்று, உறைவிடப் பள்ளிகளில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பள்ளிகளுள் பலவற்றைக் கத்தோலிக்கத் துறவியரே நடத்தினர். அன்று அம்மக்களின் தலைவர் ஒருவர் திருத்தந்தைக்கு இறகுத் தலையணி சூட்டினார். படக்கதைகளில் மட்டுமே கண்டிருந்த அணியை அவ்விடத்தில் கண்டோம். அது சமவெளி இனத்தார் சிலரின் மரபு, பெருமதிப்புக்குரியவர்க்கே உரியது, எல்லாப் பழங்குடியினரும் அணிவதன்று, நவஹோக்கள் அணிவதில்லை. நாங்களோ கோழி இறகை ஓட்டிவிட்டிருந்தோம். திருத்தந்தைக்கு அதைச் சூட்டியது சரிதானா என்று பழங்குடியினருக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. எழுவது இயல்புதானே, சித்திரக்கதைகளில்தான் அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள்.

படத்தை அவர்களே வரைந்தால் எப்படியிருக்கும்? இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம், இலண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்ட அழைக்கப்பட்டார். இரண்டு திங்கள் அங்கிருந்து திரும்பி, தாம் கண்ட இலண்டனை வரைந்தார். சென்னையிலுள்ள தாரா புக்ஸ் 2004இல் அதை நூலாக்கியது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவலாகிறது, இரண்டும் நேரம் சொல்பவை அல்லவா! சுரங்க இரயில் மண்புழுவாகிறது. தாம் நம்பி ஏறிய பேருந்து நாயாகிறது. காட்டை வெள்ளையர் வரைந்து பார்த்திருந்த நமக்கு, வெள்ளையர் நகரைக் காட்டிலிருந்து வந்தவர் வரைந்து காட்டினார். படிக்கையில் சிரிப்பு வருகிறது; ஆனால் எவரையும் தாழ்த்தாத சிரிப்பு.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் ‘பீமாயணம்’ 2011இல் நவயானா வெளியீடாக வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு இணையர். சித்திரக்கதை என்றால் கட்டங்கள் என்றுதானே நினைக்கிறோம்? தம் மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் இசையவில்லை. வெளி வேண்டும் என்றனர். ஆகவே பக்கம் முழுவதும் கதை பரந்து கிடக்கிறது. பேச்சுக்குரிய வளையங்களிலும் ஒரு நுட்பம்: அன்போடு பேசுவோரின் சொற்கள் பறவை வடிவிலும், நஞ்சு கக்குவோரின் சொற்கள் தேள்கொடுக்கு வாலோடும் அமைந்துள்ளன. எங்கள் நாடகத்தில் ஹூ ஹூ என்று கத்தச் சொன்னதற்கு எந்த வடிவம் பொருந்தும் என்று அந்நூலைப் புரட்டும்போதெல்லாம் தோன்றும். கத்தியவன் சொல் அன்று அது. எழுதிக் கொடுத்தவர்கள் சொல்.

சென்ற தவக்காலத்தில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமையைச் சொல்லி, அதைப் படக்கதையாக வரையச் சொன்னோம். பழக்கம் எளிதில் போவதில்லை. தாளுக்கு ஆறு கட்டங்கள் நாங்களே அளந்து கோடிட்டுக் கொடுத்தோம். கரும்பலகை துடைத்த சிறுவன் இப்போது எட்டாம் வகுப்பு. அவன் கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. நான்கு கட்டங்களை மறித்துக்கொண்டு ஒரு புளியமரம் நின்றது, அதில் தேனடை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழி எங்கள் ஊர்ச் சாலையாகியிருந்தது. ஆலைப் பேருந்து ஒன்று போகிறது. மரத்தடியில் அடிபட்டவன் கிடக்கிறான். மோட்டார் சைக்கிளில் இருவர் பாராமற் போகின்றனர். பின்னால் இருப்பவர் கையில் குடை. எங்களுள் ஒருவர் வெயிலானாலும் மழையானாலும் குடையோடு வண்டியேறுபவர். அவர் யாரென்று நாங்கள் கேட்கவில்லை.

அடிபட்டவன் அருகே வயதான ஒருவர் குந்தியிருக்கிறார். இறகு இல்லை, சட்டையும் வேட்டியும் தலையில் துண்டும். கையில் சிறு குடுவை. அவர் வாயருகே சிறுவன் நிறைய எழுதியிருந்தான். பயப்படாதே, பக்கத்தில்தான் எங்கள் வீடு, என் பெயர் இன்னது, உன் பெயர் என்ன என்று.

“சமாரியர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார்னு படிச்சோமே தம்பி, இதுல என்ன இருக்கு?” என்று குடுவையைக் காட்டிக் கேட்டோம்.

“தேன் சார். புண்ணுக்கு எங்க தாத்தா தேன்தான் போடுவாரு.”

அந்தப் பெயர் தாத்தாவின் பெயர்தானா என்று கேட்டோம். ஆமென்றான். எங்கள் திண்ணைக்கு வந்தவரா அவர் என்பதை அறிய, தேன் விற்ற தெருக்களை விசாரித்தோம். நாலைந்து தெருக்கள் சொன்னான். எங்கள் தெருவும் அதில் இருந்தது. தாத்தா இப்போது இல்லை.

படத்தைத் தாழ்வாரச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டதற்கு, இன்னும் முடியவில்லை என்றான். தாத்தாவோடு எப்போதும் ஒரு நாய் போகுமாம். அதை வரைய இடம் போதவில்லை. இன்னொரு தாள் கேட்டான். கோடு போடாத தாளாக எடுத்துக் கொடுத்தோம்.